கனமான தேன்பெட்டிகள்

ஏப்ரல் 12, 2023, புதன்

வெயில் வந்துவிட்டது. களஞ்சியத்தின் வடக்கு நிழலில் மட்டும் அழுக்குப் பனி கொஞ்சம் மிச்சம். காலையில் தேன்பெட்டிகளைத் திறந்தேன். ஐந்தில் மூன்று செத்துப் போயிருக்கின்றன.

குளிர்காலத்தில் ஒன்றிரண்டு போவது எங்கள் விஸ்கான்சினில் சகஜம்தான். தேன் தீர்ந்து பட்டினியில் போகும். இவை அப்படிப் போகவில்லை. அடை அடையாகத் தேன் இருக்கிறது, மெழுகு மூடி கூட உடையாமல். அதன் நடுவே ஒரு கைப்பிடித் தேனீக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு விறைத்திருந்தன. மற்றவை எல்லாம் சருகு போல அடித்தட்டில்.

அக்டோபரில் ஐந்து பெட்டிகளையும் பின்பக்கம் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். இங்கே தேனீ வளர்க்கிற எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். மணிக்கட்டு வலித்தால் பெட்டி குளிரைத் தாண்டிவிடும் என்று கணக்கு. ஐந்தும் வலித்தன.

நன்றாகப் படிக்கிற பிள்ளை திடீரென்று தேர்வில் தோற்றால் அவளைக் கெடுப்பது யார் என்று நான் முதலில் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பேன். அறிவியல் டீச்சராக இருந்த காலத்துப் பழக்கம். சரி, என் பெட்டிகளுக்குப் பக்கத்து நாற்காலி யார்?

வேலிக்கு அந்தப் பக்கம் டெல்மர் ஹௌகனின் வயல்.

ஏப்ரல் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் யூக்கர் சீட்டாட்டம். டெல்மரும் அவர் மனைவி லவானும் ஒரு கட்சி, நானும் என் வீட்டுக்காரர் ரோல்ஃபும் ஒரு கட்சி. எங்கள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து இந்தச் சீட்டுக் கச்சேரி நடக்கிறது.

“மூணு பெட்டி போச்சு,” என்றேன், சீட்டை அடுக்கிக்கொண்டே.

“அடடா. பட்டினியா?” என்றார் டெல்மர்.

“தேன் நிறைய இருக்கு.”

“அப்ப குளிரா இருக்கும்.”

“எனக்கு அப்படித் தோணல.”

அவர் நிமிரவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று மாட்டுத் தீவனத்துக்குப் போய்விட்டார். “எனக்கும் அந்த மாதிரி கதைதான் டீச்சரம்மா. குதிரைமசால் வெட்டிப் போட்டா களஞ்சியக் கூரையை முட்டுது. ஆனா சோதனைக்கு அனுப்பினா புரதம் வருஷத்துக்கு வருஷம் இறங்குது. மாடு வயிறு நிறையத் தின்னுது, பால் ஏற மாட்டேங்குது.”

“புல்லைப் பத்திப் பேசியே துருப்பை ஒளிக்கிறான் பாரு,” என்றார் ரோல்ஃப்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் அவர்கள் போன பிறகு யோசித்தேன். நான் தேனீயைப் பற்றிப் பேசினால் இவர் ஏன் புல்லுக்குத் தாவ வேண்டும்? வீட்டுப்பாடம் செய்யாத பையன்தான் தன் நாய்க்கு உடம்பு சரியில்லாத கதையைச் சொல்வான்.

மே 10, புதன்

நேற்றிரவு டெல்மரின் போன். “டீச்சரம்மா, நாளைக்கு மக்காச்சோளம் விதைக்கிறேன். விதையில மருந்து பூசியிருக்கு, தூசி பறக்கும். உங்க பிள்ளைங்கள உள்ள வச்சுப் பூட்டுங்க.”

விடியும் முன்பே எழுந்து பெட்டி வாசல்களுக்குக் கம்பிவலை அடைத்து, ஈரச்சாக்குப் போர்த்தினேன். பெட்டி வைத்த நாளிலிருந்து அவர் ஒவ்வொரு முறையும் போன் செய்கிறார். ஒவ்வொரு முறையும் நான் அடைக்கிறேன். மனசாட்சி உள்ளவர் போன் செய்வார். சரி. ஆனால் எதையாவது ஒளிக்கிறவரும் போன் செய்வாரே? காட்ட விரும்புவதற்கு மட்டும்.

மே 27, சனி

“பறவை பாக்குற பைனாகுலர்ல டெல்மரைப் பாக்குற,” என்றார் ரோல்ஃப். “அவன் என்ன வகைப் பறவை?”

“இன்னும் தெரியல,” என்றேன்.

ஜூன் 11, ஞாயிறு

பிழைத்த இரண்டு பெட்டிகளையும் போன மாதமே பிரித்து நான்காக்கியிருந்தேன். புது ராணிகள் முட்டை வைக்கத் தொடங்கிவிட்டன. இந்த நான்கையாவது காப்பாற்ற வேண்டும்.

ஜூலை 8, சனி

பார்த்துவிட்டேன்.

காலை பத்து மணி இருக்கும். டெல்மர் குதிரைமசால் வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கை விரித்த அந்தப் பெரிய தெளிப்பான், பின்னால் வெள்ளைப் புகை மாதிரி. காற்று எங்கள் பக்கம். போன் வரவில்லை. நேற்றிரவும் இல்லை, இன்று காலையும் இல்லை. முதல் முறையாக!

வாசல் அடைக்க ஓடினேன், அதற்குள் முடிந்துவிட்டது. சாயங்காலம் பெட்டிகளின் முன்னால் புல்லில் செத்த தேனீக்கள். கோடையில் தினமும் கொஞ்சம் சாகும்தான், ஆனால் இத்தனையா? பொறுக்கி ஜாம் பாட்டிலில் போட்டு உறைபெட்டியில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நேரே போய்க் கேட்கலாம். கேட்டால் பதில் தயார் செய்துகொள்வார்.

ஜூலை 11, செவ்வாய்

மாநில விவசாயத் துறைக்குப் போன் செய்து புகார் கொடுத்துவிட்டேன். ரோல்ஃபிடம் பிறகுதான் சொன்னேன்.

“ஏன், வேலியைத் தாண்டி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“கேட்டா சொல்லுவாரா?”

“இத்தனை வருஷத்துல அவன் சீட்டுல கூட ஏமாத்தினதில்ல.”

“அதத்தான் நானும் சொல்றேன். அவ்வளவு சுத்தமா ஒருத்தர் இருப்பாங்களா?”

ரோல்ஃப் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அவனுக்கு மாட்டுல வர்ற வருமானம் மாட்டுக்கே சரியாப் போகுது. ஊர்ல மத்தவங்க வயலுக்கு மருந்து அடிச்சுத்தான் பண்ணை ஓடுது. அந்த உரிமம் போச்சுன்னா மாட்டை வித்துட்டு உக்காரணும். தெரியும்ல?”

தெரியும். தெரிந்துதான் செய்தேன். தெரிந்துதானா?

ஜூலை 20, வியாழன்

அதிகாரி வந்தார். என் ஜாம் பாட்டிலை வாங்கிக்கொண்டார். வேலியோரம் இலை பறித்தார், மண் எடுத்தார், டெல்மரின் தெளிப்பான் தொட்டியை எட்டிப் பார்த்தார். டெல்மர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஒரு தடவை கூட எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

குற்றம் செய்தவன்தான் திரும்ப மாட்டான். குற்றம் செய்யாதவனும் திரும்ப மாட்டானோ? நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

ஜூலை 21, வெள்ளி

யாரும் வரவில்லை. ரோல்ஃப் தனியாக மேஜையில் சீட்டுப் பரப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

எங்கள் ஊரில் சண்டை என்றால் சத்தம் இருக்காது. மரியாதை கூடிவிடும். சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள் லவான். எப்போதும் “ஏய் ஆர்டிஸ், கப்ப நீட்டு” என்பவள் இன்று, “காபி எடுத்துக்கிறீங்களா?” என்றாள்.

“ஊத்து,” என்றேன்.

“சர்க்கரை வேணுங்களா?”

நான் சர்க்கரை போடுவதில்லை என்று அவளுக்குத் தெரியாதா!

இரண்டு பண்ணைக்காரர்கள் டெல்மரை விட்டுவிட்டு வேறு ஆளை மருந்தடிக்க வைத்திருக்கிறார்களாம். அதை லவான் சொல்லவில்லை. அவள் காதில் விழும்படி வேறு யாரோ என்னிடம் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 26, சனி

ரோல்ஃபுக்கு மூச்சு முட்டல். வழக்கமான தும்மல் காலம்தான், ஆனால் இந்த வருடம் படிக்கட்டு ஏறவே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறார். மருத்துவர் உறிஞ்சும் மருந்தை இரட்டிப்பாக்கியிருக்கிறார். “முன்னாடி மாதிரி இல்ல, ஆகஸ்ட் ஆரம்பத்துலயே தொடங்கிடுது, பனி விழற வரைக்கும் விட மாட்டேங்குது,” என்றார் மருத்துவர்.

மருந்துக்கடைப் பெண் என்னைக் கடிந்துகொண்டாள். “உங்க வேலியோரம் மஞ்சளா கோல்டன்ராட் பூத்துக் கிடக்கே, அத வெட்டித் தள்ளுங்க. அதான் அவருக்கு ஒத்துக்கல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வருடா வருடம் வகுப்பில் சொன்ன பாடம். கோல்டன்ராடின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. தேனீயின் காலில் ஒட்டிக்கொண்டுதான் போகும், காற்றில் பறக்காது. பறப்பது ராக்வீட் களையின் மகரந்தம். அது பச்சைப் பூ, யார் கண்ணிலும் படாது. இரண்டும் ஒரே மாதத்தில் பூப்பதால், கண்ணில் படுகிற மஞ்சள்காரிக்குத்தான் எப்போதும் அடி. கண்ணாடி உடைந்த வகுப்பில் பந்து வைத்திருக்கிற பையனைப் பிடிப்பது மாதிரி.

அவளுக்கு விளக்கிச் சொன்னேன். “ஓ, அப்படியா டீச்சர்,” என்றாள். நம்பவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

துறையிலிருந்து போன். என் தேனீக்களிலும் இல்லை, இலையிலும் இல்லை, தொட்டியிலும் இல்லை. பூச்சிமருந்தே கிடையாது. அன்று டெல்மர் அடித்தது கந்தகச் சத்து. புல்லில் புரதம் ஏறுவதற்காக. விஷம் இல்லை என்பதால்தான் போன் செய்யவில்லையாம்.

உறைபெட்டியில் வைத்ததில் மருந்து சிதைந்திருக்குமோ? அதிகாரி பன்னிரண்டு நாள் கழித்துத்தானே வந்தார். அவரும் டெல்மரும் பேசிக்கொண்ட விதத்தில் பழைய பழக்கம் தெரிந்ததே—

என்ன எழுதுகிறேன் நான்.

சாப்பாட்டின்போது ரோல்ஃப் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஆனால் மூன்று பெட்டி செத்தது நிஜம்தானே. ஏதோ ஒன்று கொன்றிருக்கிறது.

செப்டம்பர் 12, செவ்வாய்

துறையிலேயே தேனீ ஆய்வாளர் ஒருவர் உண்டு, கூப்பிட்டால் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். இன்று வந்தாள். மாய் ஷாங் என்று பெயர், முப்பது வயது இருக்கும். முகவலை கூடப் போடாமல் பெட்டியைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டு, “தூக்கிப் பாருங்க, நல்ல கனம்,” என்றேன். தூக்கினாள்.

“கனம்தாம்மா. அதான் ஏமாத்துது.”

ஒரு தேனடைச் சட்டத்தை உருவி வெயிலில் சாய்த்தாள். “புழுவைப் பாருங்க. அதைச் சுத்தி வெள்ளைக் கூழ் குளம் மாதிரி நிக்கணும், புழு அதுல மிதக்கணும். இங்க தரை காயுது.” பிறகு ஒரு தேனீயைப் பிடித்து வயிற்றைப் பிளந்து, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். “குளிர்காலத்துக்குப் பிறக்கிற தேனீக்கு இங்க கொழுப்பு மெத்தை மாதிரி இருக்கணும். இது கோடைத் தேனீ மாதிரி ஒல்லி. ஆறு வாரம் தாங்கும், ஆறு மாசம் தாங்காது.”

“தேன் இருக்கே?”

“தேன் வெறும் விறகு. அத எரிச்சுக் குளிர் காயலாம். உடம்பைக் கட்டறது மகரந்தம். இவங்களுக்கு மகரந்தம் நிறைய வருது, ஆனா அதுல சத்து இல்ல.”

தேனீயை உறிஞ்சிக் கொல்கிற உண்ணிப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்தாள். அதிகம் இல்லை. அப்புறம் வேலியோரம் பொங்கிக் கிடந்த கோல்டன்ராடைக் காட்டினாள். குளிருக்கு முன்னால் எங்கள் தேனீக்களின் கடைசிச் சாப்பாடு அதுதான். நூறு, நூற்றைம்பது வருடம் முன்பு காயவைத்து அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிற பூவையும் இன்றைய பூவையும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்களாம். மகரந்தத்தில் புரதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாம்.

“மண்ணு கெட்டுப்போச்சா? மருந்தா?” என்றேன். உடனே கேட்டேன். என் புத்தி.

“ரெண்டும் இல்லம்மா. அதே மண்ணுல வச்சு, காத்துல கரியமில வாயுவை மட்டும் கூட்டியும் வளத்துப் பாத்துட்டாங்க. வாயு ஏற ஏற புரதம் இறங்குது. செடி நல்லா வளருது, மாவும் சர்க்கரையும் நிறைய செய்யுது. மத்தது அதுக்கு ஏத்த மாதிரி கூடல.”

விருந்துக்கு ஆள் கூடினால் சூப்பில் தண்ணீர் ஊற்றுவோமே, அந்த மாதிரி. பானை நிறைந்திருக்கும்.

“என் மூணு பெட்டியையும் கொன்னது இதுதானா?”

“அப்படி நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஒரு பெட்டி சாக நாலு காரணம் இருக்கும். ஆனா இந்த ஒல்லித் தேனீக்கு வேற காரணம் எனக்குத் தெரியல.” கையுறையைக் கழற்றியபடி வீட்டைப் பார்த்தாள். உள்ளே ரோல்ஃப் தும்மிக்கொண்டிருந்தார். “ராக்வீடா? அதுக்கு இந்த வாயு கொண்டாட்டம். முன்னைவிட அதிகமா மகரந்தம் கொட்டும்.”

அவள் போன பிறகும் வேலியோரம் நின்றிருந்தேன். மஞ்சள் பூவெல்லாம் தேனீ. என்ன சுறுசுறுப்பு. காலில் உருண்டை உருண்டையாக மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பறக்கின்றன.

வகுப்பில் இரண்டு ஜாடிகளில் அவரை விதை முளைக்க வைப்பேன். ஒன்றில் சோடாவும் வினிகரும் கலந்து வாயு விடுவோம். அந்த அவரை மற்றதைவிட நெட்டையாக வளரும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். அளவுகோலை வைத்து உயரத்தைத்தான் அளந்தோம். யாரும் அதைத் தின்று பார்க்கவில்லை.

செப்டம்பர் 13, புதன்

களஞ்சியக் கூரையை முட்டுகிற புல். இறங்குகிற புரதம். வயிறு நிறைந்தும் பால் ஏறாத மாடு.

ஏப்ரலில், என் மேஜையில், என் முகத்துக்கு நேரே சொன்னாரே டெல்மர்! எனக்கும் அந்த மாதிரி கதைதான் டீச்சரம்மா என்றுதானே ஆரம்பித்தார். பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன்.

மருந்துக்கடைப் பெண்ணுக்குப் பாடம் சொன்னேனாம். கண்ணில் படுகிறவனை அடிக்கக் கூடாதென்று.

சரி, இப்போது யாரைச் சந்தேகிப்பது? புகை கக்குகிற எங்கள் பிக்கப் வண்டியையா? சர்ச்சின் கொதிகலனையா? தேனீக்காரர்கள் கூட்டத்துக்கென்று மாதா மாதம் அவ்வளவு தூரம் நான் ஓட்டிப்போகிற காரையா? வேலிக்கு அந்தப் பக்கமே பார்த்துப் பழகிவிட்டேன். காற்றுக்கு ஏது வேலி.

செப்டம்பர் 14, வியாழன்

குளிர்காலத் தேனீக்கள் பிறப்பது இப்போதுதான். இந்த இரண்டு மூன்று வாரம் புரதம் கொடுத்தால் உண்டு, விட்டால் நான்கு பெட்டியும் சந்தேகம்தான் என்று மாய் ஷாங் சொல்லியிருந்தாள். கடையில் விற்கிற புரத அடைக்குப் போன் செய்தேன். வர மூன்று வாரம் ஆகுமாம்.

அவளையே மறுபடி கூப்பிட்டேன். “நாமே செய்யலாம்மா. வறுத்த சோயாவை நைசா அரைச்சு, பீர் காய்ச்சுற ஈஸ்ட் சேர்த்து, சர்க்கரைப் பாகுல பிசைஞ்சு வைங்க. பச்சை சோயா ஆகாது.”

ஈஸ்ட் கிடைக்கும். பாகு காய்ச்சலாம். வறுத்த சோயா? மாட்டுக்காக மூட்டை மூட்டையாக வறுத்து வைத்திருக்கிறவர் பக்கத்தில் ஒருவர்தான்.

ரோல்ஃபிடம் சொன்னேன். “நான் போய் வாங்கிட்டு வரட்டுமா?” என்றார்.

“வேணாம்.”

“அதான் நானும் நினைச்சேன்.”

செப்டம்பர் 15, வெள்ளி

ஆப்பிள் வைத்து இனிப்புச் சுட்டு ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது லவான். “வாங்க,” என்றாள். தட்டை வாங்கிக்கொண்டாள். “அவர் மாட்டுக் கொட்டகையில இருக்காரு.”

டெல்மர் கறவை இயந்திரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு மாட்டிடம் சொன்னார்: “டீச்சரம்மா வந்திருக்காங்க. ஒழுங்கா நில்லு.”

“டெல்மர், நான் தப்புப் பண்ணிட்டேன்.”

அடுத்த மாட்டுக்குப் போனார். மடியைத் துடைத்தார். “நேரா வந்து கேட்டிருந்தா தொட்டி மூடியையே திறந்து காட்டியிருப்பேன்.”

“தெரியும்.”

“தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருப்பீங்க.”

கறவை இயந்திரம் சீராக உறிஞ்சிக்கொண்டிருந்தது. மாய் ஷாங் சொன்னதையெல்லாம் சொன்னேன், ஒல்லித் தேனீ, பழைய பூ, வாயு, புரதம். அவர் கை நின்றது. “அப்ப என் புல்லுக்கும் அதுதானா?” என்றார். “ஏழு வருஷமா விதைக் கம்பெனிக்காரனத் திட்டிட்டிருக்கேன்.”

அவருக்கும் ஒரு பக்கத்து நாற்காலி இருந்திருக்கிறது.

“வறுத்த சோயா கொஞ்சம் வேணும்,” என்றேன். “தேனீக்கு.”

“என் சோயாவா?” முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். “போன வருஷம் அந்த வேலியோர வயல்ல விளைஞ்சது. நீங்க பைனாகுலர்ல பாப்பீங்களே, அந்த வயல்தான்.”

“தெரியுமா?”

“கண்ணாடி வெயில்ல மின்னும் டீச்சரம்மா.”

ஒரு தீவனச் சாக்கில் பாதி அள்ளிக் கட்டி, தானே தூக்கிவந்து வேலியில் சாய்த்து வைத்தார். சீட்டாட வருவீர்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

செப்டம்பர் 16, சனி

அரைத்தேன், பிசைந்தேன், சப்பாத்தி போலத் தட்டினேன். நல்ல வறுகடலை வாசனை.

நான்கு பெட்டிக்கும் செய்தேன். ஒன்றுக்கு மட்டும்தான் வைத்தேன். மேற்குக் கடைசிப் பெட்டி. மற்ற மூன்று அடையும் துணிக்கு அடியில் தட்டில் இருக்கின்றன.

சோயா விதையில் பூசிய மருந்து விளைகிற மணி வரை ஏறாது, எனக்குத் தெரியும். பாடமே எடுத்திருக்கிறேன். மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். இருந்தும்... எழுதவே கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பர் 19, செவ்வாய்

மேற்குப் பெட்டி பாதிக்கு மேல் தின்றிருக்கிறது. வாசலில் ஒரு சாவு இல்லை. மற்றவற்றுக்கும் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

டெல்மரை விட்டுப்போன இரண்டு பண்ணைகளுக்கும் நானே போன் செய்து, புகார் கொடுத்தது நான், அவர்மேல் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னேன். ஒருவர், “அடுத்த வருஷம் அவனையே கூப்பிடுறேன்,” என்றார். இன்னொருவர், “பாக்கலாம்,” என்றார். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அதை என்னால் இனி ஒட்டவைக்க முடியாது.

சாயங்காலம் டெல்மர் வேலியருகே டிராக்டரை நிறுத்தினார்.

“எந்தப் பெட்டிக்கு முதல்ல வச்சீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். “மேற்குக் கடைசி,” என்றேன்.

“எத்தனை நாள் விட்டுப் பாத்தீங்க?”

“மூணு.”

தலையாட்டினார். “நானா இருந்தா ஒரு வாரம் விட்டிருப்பேன். புதுத் தீவனம்னா ஒரு கன்னுக்குட்டிக்குத்தான் முதல்ல போடுவேன்.” டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 4, சனி

சர்ச்சில் மீன் விருந்து. வழக்கமாக நானும் லவானும் வெண்ணெய் உருக்கி ஜாடிகளில் ஊற்றுவோம். இந்த வருடம் யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் போய் நின்றுகொண்டேன். முழங்கை வரை நுரை. கூட்டம் நெருக்குகிற நேரத்தில் அடுப்புப் பக்கமிருந்து குரல்:

“ஏய் ஆர்டிஸ்! அங்க என்ன குளிச்சிட்டிருக்கியா? வெண்ணெய் கருகுது, இங்க வந்து தொலை!”

கையைத் துடைக்கக் கூட இல்லை. ஓடினேன்.

ஜனவரி 12, 2024, வெள்ளி

வெளியே பனி கொட்டுகிறது. வந்தார்கள், இரண்டு பேரும். லவான் என் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். காலியாக இல்லை, அவள் செய்த எலுமிச்சை இனிப்போடு.

டெல்மர் சீட்டுப் போடும்போது இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். “டீச்சரம்மா, கை ரெண்டும் மேஜை மேலதான் இருக்கு. பாத்துக்கங்க. வேணும்னா பைனாகுலர் எடுத்துட்டு வாங்க.”

ரோல்ஃப் சிரித்துச் சிரித்து இருமினார். நாங்கள் தோற்றோம்.

ஏப்ரல் 10, புதன்

பெட்டிகளைத் திறந்தேன். நான்கில் மூன்று உயிரோடு இருக்கின்றன. சட்டத்துக்குச் சட்டம் கொத்துக் கொத்தாகத் தேனீ.

செத்தது மேற்குக் கடைசிப் பெட்டி. புரத அடையை முதலில் வைத்தேனே, அதுதான். ராணி எப்போதோ போயிருக்க வேண்டும். புழுவும் இல்லை, முட்டையும் இல்லை. அதைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு நொடி என் கண் வேலிப்பக்கம் போனது. போனது என்று எழுதி வைக்கிறேன்.

தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

மே 14, செவ்வாய்

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போன். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் போன் வருகிறது. போன வாரம், “டீச்சரம்மா, நாளைக்கு வயலுக்குச் சாணி அடிக்கிறேன். வெறும் சாணிதான். சொல்லிட்டேன்,” என்றார். பின்னால் லவான் சிரிக்கிற சத்தம்.

இன்று, “நாளைக்குக் காலையில குதிரைமசாலுக்குக் கந்தகம்,” என்றார். “நீங்க பெட்டிய அடைச்சாலும் சரி, அடைக்காட்டியும் சரி. உங்க இஷ்டம்.”

“புரதம் ஏறுதா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம். ஏறின மாதிரி ஒரு பிரமை.”

மே 15, புதன்

சீக்கிரம் விழித்துவிட்டேன். பழக்கத்தில் கம்பிவலையையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு பெட்டிகள் வரை போனேன்.

வேலியோரம் கோல்டன்ராட் முளைத்திருக்கிறது. போன வருடம் இதே நாளில் இருந்ததைவிட உயரம், நல்ல கரும்பச்சை. முன்பெல்லாம் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவேன். ஒரு இலையைக் கிள்ளி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது.

டெல்மரின் டிராக்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. காற்று எங்கள் பக்கம்தான். தேனீக்கள் வாசலில் வந்து நின்று, வெயிலைப் பார்த்து, ஒவ்வொன்றாக அவர் வயல் பக்கம் பறந்தன. சாக்கைப் புல்லில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.